42-ஆம் நாளுக்குப் பிறகு

டிஸ்சார்ஜ் நாளன்று பிரசவ வார்டில் யாருக்கும் எதுவும் காதில் ஏறாது. வண்டி வந்துவிட்டதா என்று பிள்ளையின் தகப்பன் வாசலுக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டிருப்பார். பெட்டகம் வாங்கியாச்சா, பிறப்புச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தாச்சா என்று ஆச்சி கேட்டுக்கொண்டிருப்பாள். பெற்றவள் தையல் வலியோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில்தான் செவிலியர் வந்து சொல்கிறார்: அட்டையைத் தொலைச்சிராதீங்க, ஒன்றரை மாசத்துல ஊசி, தையல்ல சீழ் வச்சா உடனே வாங்க, சத்து மாத்திரையை நிறுத்தாதீங்க, பணம் அக்கவுண்டுல ஏறும். ஐந்து செய்தி, ஒரு நிமிடம். அவர் அடுத்த கட்டிலுக்குப் போகவேண்டும்.

செவிலியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் தாய்மாருக்கான திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. நாட்டிலேயே முன்னால் நிற்கிற மாநிலங்களில் ஒன்று இது. ஆனால் தனக்கு எந்தப் பாதுகாப்பு, எத்தனை நாளுக்கு, எந்த ஊரில் கிடைக்கும், யாரைக் கேட்கவேண்டும் என்பதைப் பிள்ளை பெற்றவளுக்கு எடுத்துச் சொல்கிற ஏற்பாடு, கர்ப்பகாலத்தில் இருந்த அளவுக்குப் பேறுகாலத்துக்குப் பின் இல்லை. கர்ப்பிணியாக இருந்தபோது மாதம் தவறாமல் தேடி வந்தவர்கள், குழந்தை பிறந்ததும் குழந்தையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாமிரபரணிக் கரையில், குறிப்பாகக் கொற்கைப் பக்கத்தில், இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் முழுக் கேள்வியும் பிடிபடும்.

முதலில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயோடு தொடங்கியது. 2006-இல் 6,000 ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் 18,000. இந்தப் பதினெட்டில் 14,000 வங்கிக் கணக்குக்கும் 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு என்று அந்தப் பெட்டகத்தில் உள்ளவை நம் வீடுகளுக்குப் பழக்கமானவை. பிறகு 2011 ஜூனில் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம். அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, ரத்தம், பரிசோதனை எதற்கும் காசு இல்லை. சுகப்பிரசவத்துக்கு மூன்று நாளும் அறுவைக்கு ஏழு நாளும் சாப்பாடு. வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி. நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு முதலில் 30 நாள் வரை என்றிருந்த இலவச சிகிச்சை பின்னர் ஒரு வயது வரை நீட்டப்பட்டது. இவற்றுக்கு மேல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆலையிலோ கடையிலோ ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பீடி சுற்றும் பெண்களுக்கு முக்கூடலில் தனி மருத்துவமனையே உண்டு. உப்பளத்தில் வேலை செய்பவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் நலவாரியத்தில் பதிந்திருந்தால் அங்கும் மகப்பேறு உதவி உண்டு.

அடுக்கிப் பார்த்தால் குறைவில்லை. ஆனால் இவற்றில் எது எப்போது முடிகிறது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தோன்றுவது, எது கிடைக்கும் என்பதைவிட எது எதுவரை என்பதைத்தான் நாம் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

அந்த எல்லைகளில் முக்கியமானது 42 நாள். அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. கருவுற்றிருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள்ளோ கர்ப்பம் தொடர்பான காரணத்தால் நேரும் மரணத்தைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு தாய்மரணம் என்று கணக்கிடுகிறது. அதே வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு, 42 நாள் தாண்டி ஓராண்டுக்குள் நேர்வதைப் பிந்திய தாய்மரணம் என்று தனியாகக் குறிக்கச் சொன்னது. முதல் எண் எல்லாப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது. இரண்டாவது அந்த அளவுக்கு ஏறவில்லை. நம் வீட்டுக்கு வரும் செவிலியரின் வருகைகளும் இந்த எண்ணில்தான் முடிகின்றன: 3, 7, 14, 21, 28, 42. மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு ஆறு வருகை. பச்சிளங்குழந்தையைக் காப்பாற்ற இது அருமையான ஏற்பாடு. ஆனால் தாயின் உடம்பு 42-ஆம் நாள் பழையபடி ஆகிவிடுவதில்லை. அரசே கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிடவேண்டும். மாத்திரைக்கு 180 நாள், விசாரிப்புக்கு 42 நாள். இடையிலுள்ள 138 நாளில் மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடும் பெண்ணைக் கேட்பார் இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 53 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை உண்டென்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது.

ரத்தசோகை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் எல்லோரும் கேள்விப்பட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை அப்படி இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யவேண்டும் என்று 2007-லேயே உத்தரவிட்ட மாநிலம் இது, மருத்துவர் வி. சேஷையாவின் நெடுநாள் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணிநேரம் கழித்து ரத்தம் எடுக்கும் சோதனையை நம் பெண்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள், குமட்டலுக்காகவாவது. ஆனால் அதே சோதனையைப் பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்துத் திரும்பச் செய்யவேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான், அப்போதைக்கு இறங்கிவிடும். ஆனால் அவளுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரைநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். கர்ப்பத்தில் பிரஷர் ஏறியவளுக்கும் இதே கதை: பிரசவத்துக்குப் பின் சில வாரம் அது தொடரலாம், பின்னாளில் திரும்பலாம். இதயத் தசை தளர்ந்துபோகும் ஓர் அரிய நோய் பிரசவம் ஆகி ஐந்து மாதம் வரைகூட வரக்கூடியது. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று அவள் சொன்னால், பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று பதில் வருகிறது.

மனசும் இருக்கிறது. காரணமின்றி அழுகை, பிள்ளையைத் தொடவே பிடிக்காமை, தூக்கமின்மை. இதற்குப் பெயர் உண்டு, மருத்துவம் உண்டு, 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவச மனநலத் தொலைபேசி உண்டு. அந்த எண் தாய் சேய் அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் சொல்ல முடியாததை வீட்டிலிருந்தே சொல்ல ஒரு வழி அது.

இனி கொற்கைக்கு வருகிறேன். பாண்டியரின் முத்துத்துறையாக இருந்து, கடல் கிழக்கே விலகிப்போனபின் வயலும் வாழையுமாக நிற்கிற ஊர். 1986 அக்டோபர் வரை திருநெல்வேலி மாவட்டம். அதன் பிறகு தூத்துக்குடி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஆறு ஒன்றுதான், பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த ஆற்றோடுதான். சேரன்மகாதேவியில் பிறந்த பெண் கொற்கைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பத்தைப் பதிவது கொற்கை வட்டாரத்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம். அவரை ஊரில் நர்சம்மா என்போம். அவர்தான் பிக்மி என்னும் கர்ப்பிணிகள் கணினிப் பதிவைச் செய்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் வாங்கித் தருகிறார். 2017 முதல் அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்று வாங்க முடியாது என்பதால் இந்தப் பதிவு மட்டும் விட்டுப்போவதில்லை.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். பெண் சேரன்மகாதேவிக்குப் போகிறாள், வேறு மாவட்டம். பிரசவம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு கொற்கைக்குத் திரும்புகிறாள். மேலே சொன்ன ஆறு வருகையும், ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளும் அவள் தாய் வீட்டில் இருக்கும்போதே முடிந்துவிடலாம். தாய் வீட்டுப் பக்கத்து நர்சம்மாவுக்கு அவள் வந்துபோகிறவள். கொற்கை நர்சம்மாவுக்கு அவள் ஊரில் இல்லாதவள். ஆர்.சி.எச். எண் கணினியில் எல்லா ஊருக்கும் ஒன்றுதான் என்பது உண்மை. ஊசி எங்கே போட்டாலும் பதியலாம். ஆனால் கர்ப்பத்தில் அவளுக்குப் பிரஷர் இருந்ததையும், அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பது இயல்பா புதிதா என்பதையும் அறிந்தவர் முதல் நர்சம்மா. முக்கியமான அந்த மூன்று மாதத்தில் அவளைப் பார்ப்பவர் வேறொருவர். நம் குடும்ப வழக்கத்தை அரசு மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். தாய் வீட்டில்தான் அவளுக்கு ஓய்வு, உரிமை, வாய்விட்டுச் சொல்ல ஆள். வழக்கத்தை ஒட்டி ஏற்பாடு இருக்கவேண்டும்: பெண் ஊர் மாறும் அன்று ஒரு நர்சம்மா மற்றொருவருக்குப் போன் போட்டுப் பேசுவது அரசாணையாகவே இருக்கலாம்.

காகிதமும் இரண்டு வீட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஆதாரில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, வங்கிக் கணக்கில் கணவன் பெயரின் முதலெழுத்து. ரேஷன் அட்டையில் பெயர் இன்னும் பிறந்த வீட்டில். அங்கே பெயர் நீக்கி, புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க அலைவதற்கு, கல்யாணமான புதிதில் யாருக்கும் அவசரம் தோன்றுவதில்லை. காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் அட்டைதான் அடிப்படை என்பது, நோய் வந்து மருத்துவமனை மேசையில் கேட்கும்போதுதான் தெரிகிறது. ஆகவே மகப்பேறு உதவித் தவணை நின்றுபோவதும் காப்பீடு கிடைக்காமல் போவதும் பல வீடுகளில் தகுதி இல்லாததால் அல்ல, முதலெழுத்து ஒத்துப்போகாததால். செங்கல்பட்டுப் பக்கத்தில் தலித் பெண்களை மையமாகக் கொண்டு 1981 முதல் இயங்கும் ருவ்செக் அமைப்பின் ஆய்வாளர்களும் இதைத்தான் கண்டு 2012-இல் எழுதினார்கள்: தகுதியுள்ள ஏழைப் பெண்களே சான்றிதழ் முட்டுக்கட்டையில் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் சரிசெய்ய ஆறு மாதம் கிடைக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கவேண்டியிருக்காது.

அந்தக் காகிதமே தொலைந்துபோவதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரமே துண்டிக்கப்பட்டது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊர்களில் அட்டைகளுக்கு என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த நாட்களில் கைக்குழந்தை வைத்திருந்தவளுக்கு உதவியிருக்கக்கூடியது, ஆர்.சி.எச். எண் நர்சம்மாவின் பதிவேட்டிலும் கணினியிலும் இருக்கிறது என்ற செய்திதான். அட்டை போனால் உரிமை போய்விடாது என்பதை யாராவது அவளிடம் முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

செய்தி யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கொடுக்கும் நாட்கணக்கு துல்லியமானது. எந்த நாளில் காய மருந்து, எந்த நாளில் தலைக்குத் தண்ணீர், எதுவரை கத்தரிக்காய் ஆகாது என்று ஆச்சிக்கு மனப்பாடம். அவளுக்கு யாரும் கையேடு கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப, வேளை பார்த்து, செய்கையோடு சேர்த்துச் சொல்லப்பட்டதால் நின்றது. 2015-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய 16 பொருள் கொண்ட குழந்தைகள் நலப் பெட்டகத்தில் சௌபாக்கிய சுண்டி லேகியத்தையும் வைத்தார்கள். யார் யோசனையோ, மிக நல்ல யோசனை. அரசு மருத்துவமனைக்கும் வீட்டு மருந்துக்கும் பகையில்லை என்று ஒரு டப்பா லேகியம் சொல்லிவிடுகிறது. 1964 முதல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்ப்பக்கம் இது. அந்த லேகிய டப்பாவின் மூடியிலேயே ஆறாம் வாரச் சோதனையை அச்சிடலாமே? ஆச்சி கண்ணில் படும், ஆச்சி சொன்னால் வீடு கேட்கும். மாமியாரையும் தாயையும் விட்டுவிட்டு இளம்பெண்ணிடம் மட்டும் சொல்லும் செய்தி நம் வீடுகளில் பாதி வழியில் நின்றுவிடும். அதே சமயம் அவர்களிடம் மட்டும் சொல்லி அவளிடம் சொல்லாமல் விடுவதும் தவறு. கருத்தடை வளையம் பற்றியோ மனச்சோர்வு பற்றியோ அவளிடம் தனியாகத்தான் பேசவேண்டும், அதுவும் பிரசவ வலிக்கு முன்பே.

வெளியே எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் பத்துப் பிரசவத்தில் ஏறத்தாழ நான்குக்கு மெடிக்கெய்ட் என்னும் அரசுக் காப்பீடே செலவு செய்கிறது. கர்ப்பத்தை முன்னிட்டு அதில் சேர்ந்தவர்களுக்கு நெடுங்காலம் பிரசவத்துக்குப் பின் 60 நாளோடு காப்பீடு முடிந்தது. 2021-இல் வந்த சட்டம் அதை 12 மாதமாக்கும் வாய்ப்பை மாநிலங்களுக்குக் கொடுத்தது. பின்னர் அது நிரந்தரமானது, பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. பிரிட்டனில் குழந்தை பிறந்து 12 மாதம் வரை தாய்க்கு மருந்துச்சீட்டும் பல் மருத்துவமும் இலவசம், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் குடும்ப மருத்துவரிடம் தாய்க்கென்றே ஒரு பரிசோதனை. தென்னாப்பிரிக்கா 2014-இல் மாம்கனெக்ட் என்று கைபேசிக் குறுஞ்செய்தியைத் தேசிய அளவில் தொடங்கியது. நம் மத்திய அரசும் 2016-இல் கில்காரி என்று வாரம் ஒரு குரல் அழைப்பாக, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை 72 செய்திகளைக் கொண்டுவந்தது. குரல் அழைப்பு நல்லது, எழுத்து வாசிக்காதவளுக்கும் எட்டும். ஆனால் கைபேசி பெரும்பாலும் கணவனின் சட்டைப்பையில் இருக்கிறது, அழைப்பு வரும்போது அவர் வேலையில் இருக்கிறார்.

எனக்கு மிக அருகில் தெரியும் முன்மாதிரி, கொற்கைக்கு நேர் எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில், குடும்பநல மாது என்று அழைக்கப்படும் மருத்துவிச்சி தன் பகுதி வீடுகளை அறிந்தவர். பிரசவம் ஆன முதல் பத்து நாளுக்குள் வீடு தேடிப் போகிறார், குழந்தை வளரும்வரை அந்த வீட்டோடு தொடர்பு விடுவதில்லை. லட்சம் பிறப்புக்கு 30-ஐ ஒட்டி அந்த நாட்டில் தாய்மரணம் நிற்பதற்கு அந்த மாதுகள் பெரிய காரணம். தமிழ்நாட்டில் 2018-20 கணக்கில் அது 54, இந்தியா முழுவதற்கும் 97, கேரளத்தில் 19. நம் நர்சம்மாக்களும் குறைந்தவர்கள் அல்ல. 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில், தடுப்பூசி, கணினிப் பதிவு, காய்ச்சல் கணக்கெடுப்பு, கூட்டம் என்று எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு, உட்கார்ந்து பேசவும் வேண்டும் என்றால் எப்படி? பதிவேட்டில் ஏற்றும் நேரத்தைக் குறைக்காமல் அவரிடம் இன்னொரு வேலையைக் கொடுப்பது நியாயமில்லை.

பேறுகாலத்துக்குப் பின் விசாரிக்கும் கணக்கில் தனியார் மருத்துவமனையில் பெற்றவர்களை யாரும் சேர்ப்பதில்லை. அங்கே நடக்கும் பிரசவங்களில் 64 விழுக்காடு அறுவை என்கிறது அதே குடும்பநல ஆய்வு. அரசு மருத்துவமனைகளில் 36. நகையை அடகு வைத்துத் தையலோடு வீடு திரும்பியவளுக்கு ஊர் நர்சம்மாவிடம் போகலாம், சத்து மாத்திரை அங்கே இலவசம் என்று யார் சொல்வது? நாம் பிரைவேட்டில் பார்த்தவர்கள் என்று அவள் கூச்சப்படுகிறாள். 19 வயது நிரம்பாமல் தாயானவள், மூன்றாம் பிள்ளை பெற்றவள், இருவரும் மகப்பேறு நிதியுதவிக்கு வெளியே. பணம் இல்லை என்று சொல்லி அனுப்பும்போது மருத்துவமும் இல்லை என்று அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். உடம்பு அதிகம் தேய்ந்தவர்கள் அவர்கள்தான். பணத்துக்கு நிபந்தனை உண்டு, மருத்துவத்துக்கு இல்லை என்று முதல் வாக்கியமாகவே சொல்லவேண்டும்.

புதிய திட்டம் எதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதன்கிழமை ஊசிநாள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம், ஒன்றரை வயது. பிள்ளைக்கு ஊசி போட ஐந்து முறையும் அவள் நர்சம்மாவிடம் வருகிறாள். நிதியுதவித் தவணையும் ஊசியோடு கட்டப்பட்டிருப்பதால் தவறாமல் வருகிறாள். பிள்ளையை எடைபோடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள். பிறகு அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள், பிள்ளைக்கு ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க. அந்த அரைமணி நேரமும் அவள் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள். பிரஷர் பார்க்கும் கருவி அதே மேசையில் இருக்கிறது. அட்டையில் பிள்ளையின் கட்டத்துக்குப் பக்கத்தில் தாய்க்கும் ஒரு கட்டம் போட்டு, முதல் புதனில் சர்க்கரை, இரண்டாவதில் ரத்த அளவு, மூன்றாவதில் காப்பீட்டு அட்டையில் பெயர் ஏறியதா, ஒன்பதாம் மாதத்தில் மறுபடி பிரஷர் என்று எழுதிவிடலாம். நர்சம்மா குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே கேட்கலாம்: நீ எப்படிம்மா இருக்க, ராத்திரி தூங்குறியா?